டாவிஸ்டாக் சதுக்கத்தில் ஒரு காலை: முதல்முறை போகிறவர்களுக்கு

லண்டனுக்கு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். மணிக்கூண்டு, அரண்மனை, டவர் பாலம், தேம்ஸ் கரை ராட்டினம். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் கால் வலியும் கூட்டமும் சேர்ந்து ஆளை அசத்திவிடும். அதனால் என் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் மூன்றாம் நாள் காலையை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். அழைத்துப் போவது புளூம்ஸ்பரியில் இருக்கும் டாவிஸ்டாக் சதுக்கத்துக்கு. கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, வரிசையும் கிடையாது. ஒரு தோட்டம், அதற்குள் சில மரங்கள், சில சிலைகள், நிறைய பெஞ்சுகள். அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் போய்விட்டு வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் என்னிடம் விசாரிப்பது இந்த இடத்தைப் பற்றித்தான்.

நடந்து பார்த்தால் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும் தோட்டம் இது. அப்படிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதியாவது உட்கார்ந்திருங்கள்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

பழந்தமிழில் சதுக்கம் என்றால் நாற்சந்தி. லண்டன்காரர்கள் சொல்லும் சதுக்கம் வேறு. தெப்பக்குளத்தைச் சுற்றி நான்கு வீதி, வீதியோரம் வரிசையாக வீடுகள் இருக்கும் அல்லவா? குளம் இருக்கும் இடத்தில் மரமும் புல்லும் வைத்துப் பாருங்கள், சுற்றிலும் இரும்புக் கிராதி போடுங்கள். அதுதான் லண்டன் சதுக்கம். பக்கத்திலேயே இருக்கும் புளூம்ஸ்பரி சதுக்கம் 1660-களில் உருவானது. டாவிஸ்டாக் சதுக்கம் அதற்கு ரொம்பப் பிந்தியது. 1820-களில் தாமஸ் கியூபிட் என்ற பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் இங்கே வீடுகள் கட்டினார். மேற்குப் பக்கத்தில் தூண் வைத்து நீளமாக நிற்கும் வீட்டு வரிசை அவர் காலத்தது.

அன்று இந்த நிலம் பெட்ஃபோர்டு கோமகன் குடும்பத்துக்குச் சொந்தம். இந்தப் பகுதியில் நடக்கும்போது தெருப் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள். ரஸ்ஸல் என்பது அந்தக் குடும்பப் பெயர். டாவிஸ்டாக் அவர்களுடைய மூத்த மகனுக்கு வரும் பட்டம். வோபர்ன் அவர்களுடைய மாளிகை இருக்கும் ஊர். கார்டன் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவரின் பிறந்த வீட்டுப் பெயர். ஒரு குடும்பத்தின் வம்சாவளியைத் தெருத்தெருவாக எழுதி மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தோட்டங்கள் கட்டப்பட்ட காலத்தில் எல்லாருக்கும் திறந்தவை அல்ல. சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம் மட்டும் சாவி இருக்கும். 1920-களில் நில விலை ஏறியதும் தோட்டங்களையே விற்கத் தொடங்கினார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், யூஸ்டன் ரோட்டு ஓரம் இருந்த தோட்டத்தின் மேல் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையின் தலைமையகம் எழுந்தது. மார்னிங்டன் கிரசென்டில் தோட்டத்தை அழித்துப் பெரிய சிகரெட் தொழிற்சாலை கட்டினார்கள். ஊர் கொதித்தது. அரசு ஆணையம் விசாரித்தது. 1931-ல் லண்டன் சதுக்கங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 461 தோட்டங்களின் பெயரை அதில் எழுதி, இங்கே கட்டடம் கட்டக் கூடாது என்று நிறுத்தினார்கள். இன்று டாவிஸ்டாக் சதுக்கத்தை கேம்டன் மாநகராட்சி பராமரிக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஒரு காலத்தில் சாவி வைத்திருந்த சிலருக்கு மட்டும் என்றிருந்த புல்வெளியில் நாம் கால் நீட்டி உட்காருகிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நிறைவாகவே இருக்கிறது.

எப்போது போவது

ஏப்ரல் மாதம் செர்ரி பூக்கும். மே மாதம் எல்லா மரமும் துளிர்த்திருக்கும். ஆனால் பிளேன் மரங்களின் காய்களிலிருந்தும் இலைகளிலிருந்தும் நுண்ணிய சுணை காற்றில் பறக்கும் பருவமும் அதுதான். ஆஸ்துமா உள்ளவர்களும் கண் அரிப்பு வருகிறவர்களும் மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். நவம்பரில் ஜிங்கோ மரம் முழுக்க மஞ்சளாகி, சில நாட்களுக்குள் மொத்த இலையையும் கொட்டிவிடும். என்னைக் கேட்டால் நவம்பர்தான். குளிர் இருக்கும், கூட்டம் இருக்காது, வெயில் சாய்வாக விழும்.

தோட்டத்தை அந்தி சாயும் நேரத்தில் பூட்டிவிடுவார்கள். அந்தி என்பது இங்கே பருவத்துக்குப் பருவம் ரொம்ப மாறும். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். "மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று குளிர்காலத்தில் திட்டம் போட்டால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். காலை பத்து மணி எல்லாப் பருவத்துக்கும் பாதுகாப்பான நேரம். வேலை நாளில் ஒன்பதரைக்கு மேல் கிளம்பினால் ரயில் கட்டணமும் குறையும்.

எப்படிப் போவது

பக்கத்து நிலையம் ரஸ்ஸல் ஸ்குவேர், பிக்கடிலி வழித்தடத்தில். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து அதே ரயில் நேராக வருகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் வங்கி அட்டையையோ கைபேசியையோ தட்ட வேண்டும். நுழையும்போது எந்த அட்டையைத் தட்டினீர்களோ அதையேதான் வெளியிலும் தட்ட வேண்டும். அட்டையில் நுழைந்து கைபேசியில் வெளியேறினால் இரண்டு பயணமாகக் கணக்காகிக் காசு கூடும். இரண்டு பேருக்கு ஒரே அட்டையைப் பயன்படுத்த முடியாது. இந்திய அட்டையாக இருந்தால் ஊரிலேயே வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்துவிட்டு வாருங்கள். பத்து வயது வரை உள்ள குழந்தைகள் பெரியவர்களோடு சுரங்க ரயிலில் இலவசமாக வரலாம். பேருந்தில் பெரியவர்கள் ஏறும்போது மட்டும் ஒரு தடவை அட்டையைத் தட்டினால் போதும், ரொக்கமாகக் காசு வாங்க மாட்டார்கள்.

ரஸ்ஸல் ஸ்குவேர் நிலையத்தில் நகரும் படிக்கட்டு கிடையாது. லிப்ட்தான். அதற்குப் பக்கத்தில் சுழல் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. நாலு படிதானே என்று நினைத்து ஏறிவிடாதீர்கள், நூற்று எழுபதுக்கு மேல் படிகள். லிப்டில் போனாலும் நடைமேடைக்கும் லிப்டுக்கும் இடையில் படிகள் உண்டு. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் முட்டி வலி உள்ளவர்களும் அடுத்த நிலையமான கிங்ஸ் கிராஸில் இறங்குங்கள். அங்கே நடைமேடையிலிருந்து தெரு வரைக்கும் லிப்ட் இருக்கிறது. அங்கிருந்து சதுக்கத்துக்குக் கால் மணி நேர நடை, இல்லாவிட்டால் பேருந்து.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு நிமிடம் திரும்பி நின்று கட்டடத்தைப் பாருங்கள். 1906-ல் திறந்தது. முகப்பு முழுக்க அடர்சிவப்பில் பளபளக்கும் ஓடுகள். அப்புறம் இடது பக்கம் திரும்பி ரஸ்ஸல் சதுக்கம் வரை நடந்து, வலது பக்கம் வோபர்ன் பிளேஸ் என்ற பெரிய சாலையில் நேராகப் போங்கள். ஆறேழு நிமிடத்தில் இடது கைப் பக்கம் கிராதியும் உயரமான மரங்களும் தெரியும். வழியில் டாவிஸ்டாக் பிளேஸைக் கடக்கும்போது கவனம்: சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது, சத்தமில்லாமல் வேகமாக வருவார்கள். கார் வராததைப் பார்த்துவிட்டுக் காலை வைக்காதீர்கள்.

நிலையத்துக்கு எதிரே பிரன்ஸ்விக் சென்டர் என்ற கடைத்தொகுதி இருக்கும். தண்ணீர், பழம், சான்ட்விச் எதுவாக இருந்தாலும் அங்கே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். தோட்டத்துக்குள் கடை கிடையாது. கழிப்பறையும் கிடையாது, அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் யூஸ்டன் ரயில் நிலையத்தில் இலவசக் கழிப்பறை இருக்கிறது, வடக்கே எட்டு நிமிட நடை.

இன்னொன்று: கைப்பையில் ஒரு பழைய துண்டு வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டு இரண்டு மணி நேரமானாலும் மர பெஞ்சு ஈரமாகவே இருக்கும். துடைத்துவிட்டு உட்கார ஒரு துண்டு இல்லாமல் எத்தனையோ பேர் நின்றபடியே பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

உள்ளே: முதல் சுற்று

ரஸ்ஸல் சதுக்கப் பக்கமிருந்து வந்தால் முதலில் எதிர்ப்படுவது தென்கிழக்கு மூலை. அங்கே ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை, சாலையைப் பார்த்தபடி. பின்பக்கம் போனால் அதே பெண், தோட்டத்தைப் பார்த்தபடி. லூயிசா ஆல்ட்ரிச்-பிளேக். அறுவை சிகிச்சையில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண், ஆண்டு 1895. பெண்களுக்கான லண்டன் மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் இருந்தவர். சிலையின் பீடத்தை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், புது டெல்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டிய அதே ஆள். அவர் கைவேலை இந்தச் சதுக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அங்கிருந்து நேராக நடுவே போங்கள். காந்தி உட்கார்ந்திருக்கிறார். போலந்தில் பிறந்த பிரெடா பிரில்லியன்ட் என்ற பெண் சிற்பி வெண்கலத்தில் செய்தது. 1968 மே மாதம் அன்றைய பிரதமர் ஹெரால்ட் வில்சன் திறந்து வைத்தார். சட்டம் படிக்க 1888-ல் லண்டன் வந்த பத்தொன்பது வயதுப் பையன், 1891-ல் பாரிஸ்டராகி ஊர் திரும்பியவர். அவர் இங்கே சம்மணம் போட்டு, தலை சற்றுக் குனிந்து, மேல்துண்டு தோளில் சரிந்து, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

சிலையைவிட அதன் பீடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கல் பீடத்தில் குடைந்ததுபோல ஒரு மாடம் இருக்கும், வீட்டு வாசலில் விளக்கு வைக்கிற பிறை மாதிரி. அதற்குள் யாராவது எதையாவது வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் போனமுறை பார்த்தது: பாலித்தீன் உறையைப் பிரிக்காத ரோஜாக் கொத்து ஒன்று, உருகித் தரையோடு ஒட்டிப்போன சின்ன மெழுகுவத்திகள், ஒரு குழந்தை கையால் எழுதிய காகிதம் மழையில் நனைந்து மை கரைந்து கிடந்தது. ஊரிலிருந்து வந்த என் சித்தி அந்த மாடத்தின் முன் நின்றவர், ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நவம்பர் மாதம், கல் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. இரண்டு நிமிடம் அப்படியே நின்றார். பக்கத்தில் சான்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒரு மாணவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் எழுந்து நின்றார். அன்றைக்கு நான் படமெடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை.

பூ வைக்க விரும்பினால் தாராளமாக வைக்கலாம். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டு வையுங்கள். அக்டோபர் 2 அன்று போனால் தூதரக அஞ்சலி, பஜனை என்று கூட்டமாக இருக்கும்; அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள்.

காந்தி சிலைக்குப் பிறகு இந்தத் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாதானத்துக்கான இடமாகவே மாறிவிட்டது. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த மாதிரி தெரியவில்லை, ஒன்றையொன்று அழைத்துக்கொண்ட மாதிரி வந்து சேர்ந்திருக்கின்றன. 1967-ல், சிலைக்கு ஒரு வருடம் முன்பே, ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பலியானவர்கள் நினைவாக ஒரு செர்ரி மரம் நட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 6 அன்று அதனடியில் கூடுகிறார்கள். 1986-ல், ஐ.நா. அறிவித்த சர்வதேச சமாதான ஆண்டுக்காக, ஒரு யூதப் பெண்கள் அமைப்பு ஒரு மேப்பிள் மரம் நட்டது. இவற்றுக்கெல்லாம் முந்தியது 1953-ல் ஜவாஹர்லால் நேரு நட்ட மரம். மரங்களின் அடியில் சின்னச் சின்னப் பலகைகள் இருக்கும், புல்லோடு புல்லாகத் தரைமட்டத்தில். நிமிர்ந்து நடந்தால் எதுவும் கண்ணில் படாது. குழந்தைகளோடு போனால் பலகைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள், நம்மைவிட அவர்கள் கண் தரைக்கு அருகில் இருக்கிறது.

வடக்கு ஓரத்தில் ஒரு பெரிய பாறை. செதுக்காமல் கிட்டத்தட்ட இயற்கையாகவே விட்டுவிட்டிருக்கிறார்கள். போரில் கொல்ல மாட்டேன் என்று மனசாட்சியின் பேரில் மறுத்து, அதற்காகச் சிறை போனவர்கள், ஏச்சு வாங்கியவர்கள் நினைவுக்கான கல் அது. கொல்ல மறுக்கும் உரிமையை நிலைநாட்டியவர்களுக்கும் இன்றும் காத்து வருகிறவர்களுக்கும் என்று அதில் பொறித்திருக்கிறது. 1994 மே 15 அன்று இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் திறந்து வைத்தார். அவரே இரண்டாம் உலகப் போரின்போது மறுத்துச் சிறை சென்றவர். ஆண்டுதோறும் மே 15 அன்று இங்கே கூடிப் பல நாட்டு மறுப்பாளர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். நீங்கள் அந்தத் தேதியில் லண்டனில் இருந்தால் வாருங்கள். வெளியாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் போன ஒருவர்

தென்மேற்கு மூலையில் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் தலை. 1931-ல் சிற்பி ஸ்டீபன் டாம்லின் வடித்ததிலிருந்து வார்த்தெடுத்து 2004-ல் இங்கே வைத்தார்கள். தெற்குப் பக்கம் 52 ஆம் எண் வீட்டில் 1924 முதல் 1939 வரை அவரும் கணவர் லெனார்டும் குடியிருந்தார்கள். அவர்களுடைய அச்சகமும் அடித்தளத்தில் ஓடியது. இந்தச் சதுக்கத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் ஒரு முழு நாவல் தனக்குள் உருவானது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த வீடு இப்போது இல்லை. 1940 அக்டோபரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து நொறுங்கியது. அந்த இடத்தில் இன்று ஒரு ஹோட்டல் நிற்கிறது.

வர்ஜீனியாவைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நாம் தேட வேண்டியது ஒரு ஜிங்கோ மரத்தை. விசிறி மாதிரி, நடுவில் பிளந்த இலை. ஒருமுறை பார்த்தால் மறக்காது. லெனார்டு உல்ஃப் இலங்கைக்குப் போன நூறாம் ஆண்டு நினைவாக 2004-ல் நட்டது.

லெனார்டு 1904 டிசம்பரில் கொழும்பில் இறங்கினார். காலனிய அரசின் சிவில் அதிகாரி. முதல் பணியிடம் யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது அங்கிருந்த அரசு நிர்வாக அலுவலகம். கூடவே ஒரு நாயையும், வால்டேரின் எழுத்துகள் மொத்தத்தையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனார். தமிழ் படித்தார். 1906-ல் மன்னார்க் கரையில் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்வையிட அனுப்பப்பட்டார். பிறகு கண்டி, அம்பாந்தோட்டை. ஏழு வருடம் அதிகாரியாக இருந்து பார்த்த பிறகு, ஒரு நாட்டை இன்னொரு நாடு ஆள்வதே சரியில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1911-ல் விடுப்பில் ஊர் திரும்பியவர், அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு வர்ஜீனியாவை மணந்தார். யாழ்ப்பாணத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் இந்த மரத்தடியில் நிற்கும்போது அவர்கள் முகத்தில் வரும் ஒரு மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். அது ஆள வந்த ஒருவர்மேல் உள்ள பிரியம் அல்ல. தன் ஊரின் பெயர் இவ்வளவு தூரத்தில் ஒரு மரத்தோடு சேர்ந்து நிற்பதைப் பார்க்கும் வியப்பு.

கிராதிக்கு வெளியே

கிழக்குப் பக்கம், பரபரப்பான சாலைக்கு அந்தப்புறம் நிற்கும் பெரிய செங்கல் கட்டடம் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் தலைமையகம். லட்யன்ஸின் இன்னொரு கைவேலை இதுதான். ஆனால் மருத்துவர்களுக்காகத் தொடங்கியது அல்ல. பிரம்மஞான சபைக்காகத் தொடங்கியது. 1911-ல் அடிக்கல் நாட்டியவர் அன்னி பெசன்ட். ஆம், சென்னை அடையாறில் சபையை நடத்திய, பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அதே அம்மையார். நடுவில் முதல் உலகப் போர் வந்து வேலை நின்றது. சபையால் முடிக்க முடியவில்லை. மருத்துவச் சங்கம் வாங்கி முடித்து 1925-ல் திறந்தது. அதற்கும் முன்னால், 1851 முதல் 1860 வரை, இதே இடத்தில் இருந்த வீட்டில் சார்லஸ் டிக்கன்ஸ் குடியிருந்தார். சுவரில் பலகை இருக்கிறது.

அந்தக் கட்டடத்துக்கு வெளியே, சாலையில், 2005 ஜூலை 7 காலை 9.47-க்கு 30 ஆம் எண் பேருந்தில் குண்டு வெடித்தது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். கூட்டத்துக்காக உள்ளே இருந்த மருத்துவர்கள் ஓடி வந்து, கட்டடத்துக்குள்ளேயே காயம்பட்டவர்களைக் கிடத்திச் சிகிச்சை செய்தார்கள். எதிரே தோட்டத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன. அங்கே செல்பி எடுக்காதீர்கள். ஜூலை 7 அன்று போக நேர்ந்தால் கொஞ்சம் தள்ளியே இருங்கள், குடும்பத்தார் வந்திருப்பார்கள்.

இரண்டாம் சுற்று: உட்காருவது

சரி, பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. இப்போது துண்டை எடுங்கள், பெஞ்சைத் துடையுங்கள், உட்காருங்கள்.

தலைக்கு மேலே உயர்ந்து நிற்பவை லண்டன் பிளேன் மரங்கள். கொய்யா மரத்தின் பட்டை உரியுமே, அதே மாதிரி இதன் பட்டையும் சில்லுச் சில்லாக உரிந்து விழும். உரிந்த இடத்தில் வெளிர்மஞ்சள், பக்கத்தில் பழுப்பு, அதற்குப் பக்கத்தில் சாம்பல்பச்சை என்று அடிமரம் முழுக்கத் திட்டுத்திட்டாக இருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள்: புதிதாக உரிந்த இடம் வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும், பழைய பட்டை ஓடு போலச் சொரசொரக்கும். நிலக்கரிப் புகை சூழ்ந்திருந்த பழைய லண்டனில் மற்ற மரங்கள் திணறியபோது இது தாக்குப்பிடித்தது. கரி படிந்த பட்டையை உதிர்த்துவிடும் இந்தக் குணமும் அதற்கு உதவியது என்பார்கள். சதுக்கத்துக்குச் சதுக்கம் இதையே நட்டது அதனால்தான்.

ஒரு சில நடைமுறைகள். அணில்களுக்குத் தீனி போடாதீர்கள். சாம்பல் நிறம், நம் ஊர் அணிலைவிடப் பெரியவை, பழகிவிட்டால் மடியிலேயே ஏறும். சாப்பிடலாம், ஆனால் காகிதமும் டப்பாவும் குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டும். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பேசாவிட்டால் கோபம் என்று அர்த்தமில்லை. இங்கே பக்கத்தில் உட்கார்ந்து பேசாமலிருப்பதுதான் மரியாதை. பேச வேண்டுமென்றால் வானிலையில் தொடங்குங்கள், தயங்காமல் பதில் சொல்வார்கள். கைபேசியில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவது மட்டும் வேண்டாம்.

அங்கிருந்து எங்கே

மேற்கே ஒரு வீட்டு வரிசை தள்ளினால் கார்டன் சதுக்கம். தாகூரின் சிலை இருக்கிறது, 2011-ல் வைத்தது. இளம் வயதில் பக்கத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கொஞ்ச காலம் படித்தவர். வடகிழக்கு மூலையில் நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வம்சத்தில் வந்த பெண். சூஃபி ஞானியான தந்தையிடம் அகிம்சையைக் கேட்டு வளர்ந்தவர், ஹிட்லரின் படை பிடித்து வைத்திருந்த பிரான்ஸுக்குள் வயர்லெஸ் கருவியை இயக்கும் பிரிட்டனின் ரகசிய உளவாளியாகப் போனார். காட்டிக்கொடுக்கப்பட்டு, சித்திரவதையிலும் வாய் திறக்காமல், 1944 செப்டம்பரில் டாஹவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிலை 2012-ல் வந்தது. கொல்ல மறுத்தவர்களின் பாறையிலிருந்து நூரின் சிலைக்கு நடந்தே மூன்று நிமிடம்தான். எது சரி என்று எனக்குள் பல தடவை வாதாடியிருக்கிறேன். இப்போதெல்லாம் இரண்டு இடத்திலும் நிற்கிறேன். கார்டன் சதுக்கத்தில் சின்னக் காபிக் கடை ஒன்றும் உண்டு, கை சூடாக்கிக்கொள்ளலாம்.

கார்டன் சதுக்கத்தின் தெற்கே வோபர்ன் சதுக்கம், அதைத் தாண்டினால் சோவாஸ் பல்கலைக்கழகம். அதன் வளாகத்துப் புல்வெளியில் திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார், 1996 முதல். பெரும்பாலான தமிழர்களே இதைத் தெரியாமல் பக்கத்துத் தெருவில் நடந்து போகிறார்கள். வகுப்புக்குப் போகும் மாணவர்கள் அவர் பக்கத்தில் பையை வைத்துவிட்டு ஷூ லேஸ் கட்டிக்கொள்வார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மற்ற சதுக்கங்களையும் பார்க்க ஆசை வந்தால் ஒரு விஷயம்: பெட்ஃபோர்டு சதுக்கம் போன்ற சில இன்னும் பூட்டுச் சாவியோடுதான் இருக்கின்றன. கிராதி வழியாகப் பார்க்கலாம், உள்ளே போக முடியாது. ஜூன் மாதம் ஒரு வார இறுதியில் லண்டனின் தனியார் தோட்டங்கள் பலவற்றைப் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். அப்போது டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம்.

பசித்தால் இரண்டு வழி. தோசைதான் வேண்டும் என்றால் வடக்கே யூஸ்டன் நிலையத்துக்குப் பின்னால் டிரம்மண்ட் தெருவுக்கு நடங்கள். சைவ உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் வள்ளுவரிடமிருந்து தெற்கே மூன்று நிமிடம் நடந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பின்வாசலுக்குப் போங்கள். மான்டேகு பிளேஸ் என்று கேட்டால் சொல்வார்கள். முன்வாசலில் பை சோதனைக்கு வளைந்து வளைந்து வரிசை நிற்கும். பின்வாசலில் பெரும்பாலும் அவ்வளவு கூட்டம் இருக்காது.